மருத்துவ ஆங்கிலத்தின் முன்னொட்டும் பின்னொட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் முன்னொட்டு, பின்னொட்டு என்றதும் பள்ளியில் படித்த ‘அன்’, ‘ரீ’, ‘நெஸ்’, ‘ஃபுல்’ எல்லாம் நினைவுக்கு வரும். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஆஸ்பத்திரியில் புழங்கும் ஒட்டுகளை. ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பரிசோதனைத் தாள், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டை என எதை எடுத்தாலும் அதில் வரும் நீளமான சொற்கள் பெரும்பாலும் ஒட்டுகளால் கட்டப்பட்டவை. அவற்றில் முக்கியமானவை தெரிந்துவிட்டால், நம் உடம்பைப் பற்றி எழுதியிருப்பதை நாமே ஓரளவு படித்துவிடலாம். டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும், அவர் சொன்னதைத் தப்பில்லாமல் வீட்டில் வந்து சொல்லவும் இந்த அறிவு வேண்டும். நோயாளியோடு கூடப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இந்தச் சொற்களைச் சாதாரண ஆங்கிலத்தில் எழுதக் கூடாதா?

எழுதலாம். ஆனால் ஐரோப்பிய மருத்துவம் பல நூற்றாண்டுகள் கிரேக்கத்திலும் லத்தீனிலும்தான் படிக்கப்பட்டது. அந்த வழக்கம் இன்றும் விடவில்லை. அதனால்தான் ஓர் உறுப்புக்கே இரண்டு வேர்கள் இருக்கின்றன. சிறுநீரகத்துக்கு லத்தீன் வழியில் ‘ரீனல்’, கிரேக்க வழியில் ‘நெஃப்ரோ’. சிறுநீரகச் செயலிழப்பு ‘ரீனல் ஃபெயிலியர்’. சிறுநீரக மருத்துவர் ‘நெஃப்ராலஜிஸ்ட்’. நுரையீரலுக்கும் இப்படித்தான்: ‘பல்மோ’ லத்தீன், ‘நியூமோ’ கிரேக்கம். நோய், அறுவைச் சிகிச்சைப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கத்தைப் பிடித்துக்கொண்டவை; உடற்கூறுப் பெயர்களில் லத்தீன் அதிகம்.

நீளமான சொல்லை எப்படிப் பிரிப்பது?

வாலிலிருந்து தொடங்குங்கள். என்ன கோளாறு அல்லது என்ன சிகிச்சை என்பதைப் பின்னொட்டு சொல்லும். எந்த உறுப்பு என்பதை நடுவில் உள்ள வேர் சொல்லும். கூடவா குறைவா, உள்ளேயா வெளியேயா என்பதை முன்னொட்டு சொல்லும்.

வயிற்று ஸ்கேனில் அடிக்கடி வருகிற ‘ஹெப்பட்டோஸ்ப்ளீனோமெகாலி’யை எடுத்துக்கொள்வோம். ‘மெகாலி’ என்றால் வீங்கிப் பெரிதாகியிருத்தல். ‘ஸ்ப்ளீன்’ மண்ணீரல். ‘ஹெப்பட்டோ’ கல்லீரல். ஆக, கல்லீரலும் மண்ணீரலும் அளவில் பெரிதாக இருக்கின்றன, அவ்வளவுதான். ஏன் பெரிதாகின என்பதை இந்தச் சொல் சொல்லாது. டைஃபாய்டாக இருக்கலாம், மலேரியாவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அதைத்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ இரண்டும் காதில் ஒன்றுபோல விழுகின்றனவே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ‘ஹைப்பர்’ என்றால் இருக்க வேண்டியதற்கு மேல். ‘ஹைப்போ’ என்றால் அதற்குக் கீழ். ஓரெழுத்து மாறினால் சிகிச்சையே தலைகீழாகிவிடும்.

‘ஹைப்பர்கிளைசீமியா’ ரத்தத்தில் சர்க்கரை கூடுவது. ‘ஹைப்போகிளைசீமியா’ சர்க்கரை இறங்குவது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறார்கள். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். இங்கே குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவுக்காரர் இருக்கும் வீட்டில், ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்யும்போது ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். ‘சர்க்கரை 54 காட்டுது, ரொம்பக் குறைஞ்சிருக்கு’ என்று எண்ணோடு சொல்லுங்கள். தப்பாகக் கேட்க வாய்ப்பே இல்லை.

தைராய்டுக்கும் இதே கதைதான். ‘ஹைப்போதைராய்டிசம்’ சுரப்பு குறைந்தது. உடம்பு பூசினாற்போல் ஆகும், சோர்வு வரும். ‘ஹைப்பர்தைராய்டிசம்’ சுரப்பு மிகுந்தது; உடம்பு இளைக்கும், நெஞ்சு படபடக்கும். ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று பலர் சொல்கிறார்கள். தைராய்டு சுரப்பி எல்லோருக்கும் இருக்கிறது. உங்களுடையது இந்த இரண்டில் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதயத் துடிப்பின் வேகத்துக்கு வேறு ஜோடி: ‘டாக்கி’ வேகம், ‘பிராடி’ மந்தம். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 100-க்கு மேல் துடித்தால் ‘டாக்கிகார்டியா’, 60-க்குக் கீழ் என்றால் ‘பிராடிகார்டியா’.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அஃபெப்ரைல்’ என்று இருக்கிறது. காய்ச்சல் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை, காய்ச்சல் இல்லை என்று அர்த்தம். ‘ஃபெப்ரைல்’ என்றால் காய்ச்சலோடு இருத்தல். முன்னால் வரும் ‘அ’ இல்லாமையைச் சொல்கிறது. உயிரெழுத்துக்கு முன்னால் அது ‘அன்’ ஆகிவிடும். ‘அசிம்ப்டமேட்டிக்’ என்றால் அறிகுறி இல்லாதவர், ‘அனூரியா’ என்றால் சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, ‘ஆப்னியா’ என்றால் மூச்சு நிற்பது. ‘அனீமியா’வை எழுத்துக்கு எழுத்துப் பிரித்தால் ‘ரத்தமே இல்லாமை’ என்று வரும். அது மிகை. ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒட்டுகளைப் பிரித்து வரும் பொருள் வழிகாட்டுமே தவிர, முழு விளக்கம் ஆகிவிடாது.

கழுத்துவலிக்கு ஒருவர் ‘ஸ்பான்டிலைட்டிஸ்’ என்கிறார், அறிக்கையில் ‘ஸ்பான்டிலோசிஸ்’ என்று இருக்கிறது. எது சரி?

பெரும்பாலும் அறிக்கையில் இருப்பதுதான். நம் ஊரில் எல்லாக் கழுத்துவலியையும் ஸ்பான்டிலைட்டிஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி: அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பது. ‘ஓசிஸ்’ என்றால் ஒரு நிலை, பெரும்பாலும் இயல்புக்கு மாறான நிலை. ஸ்பான்டிலோசிஸ் என்பது முதுகெலும்புக் கண்ணிகளும் இடையில் உள்ள வட்டுகளும் வயதோடு தேய்வது. ‘ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ்’ என்பது பெரும்பாலும் இளவயதில் தொடங்குகிற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புள்ள நோய். இரண்டுக்கும் மருந்து வேறு, கவனிப்பு வேறு.

மூன்றாவதாக ‘ஆல்ஜியா’வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வெறும் வலி. ‘மையால்ஜியா’ தசைவலி, ‘நியூரால்ஜியா’ நரம்புவலி, ‘ஆர்த்ரால்ஜியா’ மூட்டுவலி. ‘ஆர்த்ரைட்டிஸ்’ என்றால் மூட்டில் அழற்சியே இருக்கிறது. சிக்குன்குன்யா வந்தவர்களின் தாள்களில் இரண்டில் எந்தச் சொல்லும் வரலாம். எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

‘ஐட்டிஸ்’ கிரேக்கத்தில் முதலில் ‘அதைச் சார்ந்த’ என்று மட்டுமே பொருள்படும் விகுதி. ‘மூட்டைச் சார்ந்த நோய்’ என்பதில் ‘நோய்’ உதிர்ந்துபோய், விகுதி மட்டும் நின்று, பிற்காலத்தில் அழற்சி என்ற பொருளுக்கு ஒதுங்கியது. ‘ஆல்ஜியா’வுக்கும் ஒரு பழைய கதை உண்டு. ‘நாஸ்டால்ஜியா’ என்பதை 1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் உருவாக்கினார், ஒரு நோயின் பெயராக. ஊர் திரும்ப முடியாத ஏக்கத்தால் உடம்பு கெடுவதற்கு அவர் வைத்த பெயர் அது.

‘ஓமா’ என்று முடிந்தால் புற்றுநோயா?

இந்த ஓர் ஒட்டு எத்தனையோ பேரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. ‘ஓமா’ என்றால் கட்டி அல்லது திரட்சி. அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பதை ஒட்டு மட்டும் சொல்லாது. ‘லிப்போமா’ தோலுக்கடியில் வரும் கொழுப்புக் கட்டி, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ‘ஹீமட்டோமா’ அடிபட்ட இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டிக்கொண்டது. ‘கிளாக்கோமா’ கட்டியே அல்ல, பார்வை நரம்பு பாழாகும் கண்நோய். பெரும்பாலும் கண்ணழுத்தம் கூடுவதால் வருவது.

ஆனால் ‘கார்சினோமா’, ‘சார்கோமா’, ‘லிம்ஃபோமா’, ‘மெலனோமா’ ஆகியவை புற்றுநோய்ப் பெயர்கள். இவற்றில் ஒன்று பயாப்சி அறிக்கையில் இருந்தால் தள்ளிப்போடாமல் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளில் வரும் ஒட்டுகள் எவை?

‘ஈமியா’ என்று முடிந்தால் ரத்தம், ‘யூரியா’ என்று முடிந்தால் சிறுநீர். ‘புரோட்டீனூரியா’ சிறுநீரில் புரதம் போவது, ‘ஹீமச்சூரியா’ சிறுநீரில் ரத்தம் போவது, ‘பாலியூரியா’ அதிகமாகப் போவது, ‘டிஸ்யூரியா’ எரிச்சலோடு போவது. ரத்தத்தில் பார்க்கிற ‘யூரியா’ என்ற வேதிப்பொருளின் பெயரும் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும். ஆங்கில எழுத்தில் இரண்டும் வேறு.

ரத்த அணுக்களுக்கு ‘சைட்’: ‘எரித்ரோசைட்’ சிவப்பணு, ‘லூக்கோசைட்’ வெள்ளையணு, ‘த்ராம்போசைட்’ தட்டணு, நாம் பிளேட்லெட் என்கிறோமே அதுதான். இவற்றோடு ‘பீனியா’ சேர்ந்தால் பற்றாக்குறை. டெங்கு நேரத்தில் வரும் ‘த்ராம்போசைட்டோபீனியா’வுக்குத் தட்டணு குறைவு என்பதே பொருள். தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். டெங்குவில் வெள்ளையணுவும் இறங்குவதால் ‘லூக்கோபீனியா’ என்றும் சேர்ந்து வரலாம்.

அணு கூடினால் ‘சைட்டோசிஸ்’. ‘லூக்கோசைட்டோசிஸ்’ என்பதைப் பார்த்து ‘லூக்கீமியா’ என்று பதற வேண்டாம். முதலாவது வெள்ளையணு கூடியிருப்பது. சாதாரண சீழ்த் தொற்றுக்குக்கூடக் கூடும். இரண்டாவதுதான் ரத்தப் புற்றுநோய். அந்தப் பெயரை ‘வெள்ளை ரத்தம்’ என்ற பொருளில் 1847-இல் வைத்தவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ.

‘எக்டமி’, ‘ஆட்டமி’, ‘ஆஸ்டமி’ என்ன வித்தியாசம்?

‘எக்டமி’ வெட்டி எடுத்துவிடுவது. ‘அப்பெண்டெக்டமி’ குடல்வாலை எடுப்பது, ‘ஹிஸ்டெரெக்டமி’ கர்ப்பப்பையை எடுப்பது, ‘கோலிசிஸ்டெக்டமி’ பித்தப்பையை எடுப்பது.

‘ஆட்டமி’ திறப்பது மட்டும். ‘லாப்பராட்டமி’ வயிற்றைத் திறந்து பார்ப்பது.

‘ஆஸ்டமி’ வெளியே ஒரு வாய் வைப்பது. ‘கொலாஸ்டமி’யில் பெருங்குடலை வயிற்றின் மேல்தோலில் திறந்துவிட்டு, மலம் ஒரு பையில் சேரும்படி செய்கிறார்கள். சிலருக்கு அது தற்காலிகம், சிலருக்கு நிரந்தரம். அறுவைக்கு முன்னால் கையெழுத்து கேட்கும் தாளில் ‘ஆஸ்டமி’ இருந்தால், எது, எத்தனை நாளைக்கு, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டுத் தெரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவசரத்தில் இருப்பவர்களிடம் கேட்கத் தயக்கமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

‘ஆஞ்சியோ பண்ணியாச்சு’ என்கிறார்கள். அடைப்பை எடுத்தாயிற்றா?

அதிலிருந்து மட்டும் தெரியாது. ‘ஆஞ்சியோ’ என்றால் ரத்தக்குழாய் என்றுதான் அர்த்தம். ‘ஆஞ்சியோகிராம்’ என்றால் அந்தக் குழாயின் படம். சாயம் செலுத்தி எடுப்பார்கள், அடைப்பு எங்கே எவ்வளவு என்று தெரியும். ‘ஆஞ்சியோபிளாஸ்டி’ என்றால் சுருங்கிய குழாயைப் பலூன் வைத்து விரித்துவிடுவது; பெரும்பாலும் குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் வலைக்குழலான ஸ்டென்ட்டும் வைப்பார்கள். இதயக் குழாயில் இதை முதன்முதலில் 1977-இல் சூரிச் நகரில் ஆந்திரேயாஸ் குருன்ட்ஸிக் செய்தார்.

‘கிராம்’ கிடைத்த படம் அல்லது பதிவு, ‘கிராஃபி’ அதை எடுக்கும் முறை, ‘கிராஃப்’ பல இடங்களில் எடுக்கும் கருவி. ‘ஸ்கோபி’ என்றால் கருவியை உள்ளே விட்டுப் பார்ப்பது: ‘எண்டோஸ்கோபி’, ‘கொலோனோஸ்கோபி’, மூட்டுக்குள் பார்த்தால் ‘ஆர்த்ரோஸ்கோபி’.

பிளாஸ்டிக் சர்ஜரியில் பிளாஸ்டிக் வைப்பார்களா?

வைப்பதில்லை. ‘பிளாஸ்டி’ என்ற ஒட்டும் பிளாஸ்டிக் என்ற பொருளின் பெயரும் ‘வனைந்து உருக்கொடுத்தல்’ என்னும் ஒரே கிரேக்க வினையிலிருந்து பிறந்தவை. மருத்துவத்தில் இந்தச் சொல் செயற்கைப் பிளாஸ்டிக்குக்கு மூத்தது. ‘ரைனோபிளாஸ்டி’ மூக்கைச் சீரமைப்பது. இதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கறுக்கப்பட்டார். மராட்டியப் பகுதியைச் சேர்ந்த ஒரு வைத்தியர் நெற்றித் தோலை மடக்கி இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். இந்தச் செய்தி 1794-இல் லண்டன் இதழ் ஒன்றில் படத்தோடு வந்தது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் இந்த முறையில் ஆர்வம் கொண்டார்கள். ஜோசப் கார்ப்யூ 1814-இல் லண்டனில் அதைச் செய்து காட்டினார்.

‘ஆன்டிநேட்டல்’ என்றால் பிரசவத்துக்கு எதிரானதா?

எழுத்துப்பிழையால் வரும் சந்தேகம் இது. சரியான வடிவம் ‘ஆன்ட்டெநேட்டல்’. ‘ஆன்ட்டெ’ லத்தீன், முன்னால் என்று பொருள். பிரசவத்துக்கு முந்தைய கவனிப்பு. ‘ஆன்டி’ கிரேக்கம், எதிர் என்று பொருள். ‘ஆன்டிபயாட்டிக்’கில் இருப்பது அது.

‘இன்ட்ரா’, ‘இன்டர்’, ‘சப்’?

‘இன்ட்ரா’ உள்ளே: ‘இன்ட்ராவீனஸ்’ ஊசி சிரைக்குள், ‘இன்ட்ராமஸ்குலர்’ தசைக்குள். ‘இன்டர்’ இடையே: ‘இன்டர்காஸ்டல்’ விலா எலும்புகளுக்கு இடையில். ‘சப்’ கீழே: இன்சுலின் போடும் ‘சப்கியூட்டேனியஸ்’ ஊசி தோலுக்கடியில், ‘சப்லிங்குவல்’ மாத்திரை நாக்குக்கடியில். நாக்குக்கடியில் வைக்கச் சொன்ன மாத்திரையை விழுங்கினால் அதன் வேகம் போய்விடும்.

தமிழில் இவற்றுக்கு ஒட்டுகள் கிடையாதா?

நன்றாகவே இருக்கின்றன. ‘ஐட்டிஸ்’ வரும் இடங்களில் ‘அழற்சி’யைச் சேர்த்தால் மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி என்று படித்தவுடன் புரிகிற சொற்கள் வருகின்றன. இலங்கைத் தமிழில் ‘குருதியமுக்கம்’ என்பது தமிழ்நாட்டில் ‘இரத்த அழுத்தம்’. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னாளில் தமிழிலேயே பாடம் நடத்தி, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கவும் செய்தார். ஆகவே தமிழில் முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் வரட்டும். கூடவே நாலு வரி தமிழில் எழுதிக் கொடுப்பதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வழக்கமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாத்திரைப் பெயர்களிலும் ஒட்டு உண்டா?

உண்டு. அன்றாடம் அதிகம் உதவுவது இதுதான். கம்பெனி வைக்கும் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் மருந்துகளுக்குப் பொதுப்பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. ஒரே குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே ஒட்டு வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

ரத்த அழுத்தத்துக்கு: எனலாப்ரில், ராமிப்ரில் என ‘ப்ரில்’ குடும்பம், லோசார்டான், டெல்மிசார்டான் என ‘சார்டான்’ குடும்பம், அம்லோடிபின், சில்னிடிபின் என ‘டிபின்’ குடும்பம், அட்டெனோலால், மெட்டோப்ரோலால் என ‘ஓலால்’ குடும்பம். ‘ப்ரில்’ சிலருக்கு வறட்டு இருமல் தரும். அப்போது டாக்டர் ‘சார்டா’னுக்கு மாற்றுவது வழக்கம். ‘டிபின்’ சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் ‘ஓலால்’ பார்த்தால் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். ‘ப்ரில்’, ‘சார்டான்’ இரண்டுமே கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை.

கொலஸ்ட்ராலுக்கு ‘ஸ்டாட்டின்’, வயிற்று அமிலத்துக்கு ‘ப்ரசோல்’, சர்க்கரைக்கு ‘கிளிப்டின்’, ‘கிளிஃப்ளோசின்’, வைரஸுக்கு ‘விர்’.

இதன் பயன் இரண்டு இடங்களில் தெரியும். ஒன்று, இரண்டு டாக்டர்களிடம் போகிற பெரியவர்கள். இருவரும் தனித்தனி பிராண்டில் ஒரே குடும்பத்து மருந்தை எழுதியிருக்கலாம். இரண்டு அட்டையிலும் ‘சார்டான்’ என்று முடிந்தால், இரண்டையும் போட வேண்டுமா என்று அன்றே கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டு, ஒவ்வாமை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அமாக்சிசிலின், ஆம்பிசிலின் எல்லாமே ஆபத்து. ‘சிலின்’ என்ற வாலைக் கண்டால் மாத்திரையை வாயில் போடாமல் கேளுங்கள். ‘செஃப்’ என்று தொடங்கும் செஃபிக்ஸைம், செஃப்ட்ரியாக்ஸோன் போன்றவை வேறு குடும்பம் என்றாலும் உறவுக்காரர்கள். பென்சிலின் ஒவ்வாமையை அப்போதும் சொல்லிவிடுங்கள்.

ஒட்டை மட்டும் நம்பி ஏமாறும் இடங்கள் உண்டா?

உண்டு. ‘நைஸ்டாட்டின்’ கொலஸ்ட்ரால் மருந்து அல்ல, பூஞ்சைக்கானது. நியூயார்க் மாநிலத்தின் நினைவாக வைத்த பெயர். கொலஸ்ட்ரால் மருந்துகளின் முறையான ஒட்டு ‘வாஸ்டாட்டின்’: அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின். ‘மைசின்’ என்பதும் ஒரே குடும்பம் ஆகாது. ஸ்ட்ரெப்டோமைசேஸ் வகை மண் நுண்ணுயிரிகளிலிருந்து கிடைத்த மருந்துகளுக்கு வந்த ஒட்டு அது. ஸ்ட்ரெப்டோமைசினும் அசித்ரோமைசினும் வேலை செய்யும் விதத்திலும் பக்கவிளைவிலும் வேறு வேறு. ‘அரிப்பிப்ரசோல்’ வயிற்று மாத்திரை அல்ல, மனநல மருந்து.

நோய்ப் பெயர்களில் ‘டிஸ்ஃபேஜியா’, ‘டிஸ்ஃபேசியா’ ஜோடியைக் கவனியுங்கள். முன்னது விழுங்குவதில் சிரமம், பின்னது மொழியைப் பேசுவதில், புரிந்துகொள்வதில் சிரமம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டும் வரலாம். எது இருக்கிறது என்று தெரியாமல் வாயில் சாப்பாடு கொடுக்கக் கூடாது.

‘மேப்’ என்று முடியும் விலை உயர்ந்த ஊசிகள் எந்தக் குடும்பம்?

‘மோனோக்ளோனல் ஆன்டிபாடி’ குடும்பம்: ஒரே அணுவின் நகல்களைக் கொண்டு உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். ரிட்டுக்சிமேப், ட்ராஸ்டுசுமேப், டெனோசுமேப் இப்படிப்பட்டவை. புற்றுநோய், மூட்டழற்சி, எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று வெவ்வேறு நோய்களுக்குத் தருவதால், ‘மேப்’ என்றாலே கேன்சர் மருந்து என்று எண்ணிவிட வேண்டாம். இந்த வகையில் பெயர்கள் பெருகிப்போய் ஒன்றுக்கொன்று குழம்பத் தொடங்கியதால், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் புதிய மருந்துகளுக்கு ‘மேப்’ ஒட்டைக் கைவிட்டு ‘டக்’, ‘பார்ட்’, ‘மிக்’, ‘மென்ட்’ என நான்காகப் பிரித்தது. பழைய பெயர்கள் அப்படியே இருக்கும். ஆகவே இனி வரும் ஆண்டுகளில் மருந்துச் சீட்டில் இரண்டு விதமான பெயர்களையும் பார்ப்பீர்கள்.